வேடந்தாங்கலுக்கு வர்ற 'ஆஸ்திரேலியா பறவை'யும் எங்க வீட்டு முருங்க மரத்துக் கீச்சானும்

கேள்வி, வந்தபடியே: "வருஷா வருஷம் டிவில வேடந்தாங்கலுக்கு ஆஸ்திரேலியா, சைபீரியால இருந்து பறவைங்க வந்து கூடு கட்டி முட்டை போட்டு குஞ்சு பொரிச்சு அதுங்களையும் கூட்டிக்கிட்டுத் திரும்பிப் போகுதுன்னு சொல்றாங்க. இந்த டிசம்பர்ல பசங்களைக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். அங்க எது வெளிநாட்டுப் பறவை எது நம்ம ஊர்துன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வீட்டாண்டயே இந்த மாதிரி பறவை பாக்க வழி இருக்கா?"

நவம்பர் 9, காலை

முதல்ல அந்த டிவி செய்தியைத் தூக்கி ஓரமா வைங்க. தலைகீழா சொல்லியிருக்காங்க. வேடந்தாங்கல்ல கூடு கட்டி முட்டை போடுறதெல்லாம் நம்ம நாட்டுப் பறவைங்க. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, மஞ்சமூக்கு நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா. வடகிழக்கு மழைல ஏரி ரொம்பினதும் தண்ணிக்குள்ள நிக்கிற மரத்துல கூடு போடும், ஏன்னா அப்பத்தான் சுத்துப்பட்டு வயல்லயும் ஏரிலயும் மீனு நத்தை எல்லாம் பெருத்துக் கிடக்கும், குஞ்சுக்கு ஊட்டலாம். இதே நாரைங்க வடக்குல தென்மேற்கு மழையை வச்சு ஜூலை ஆகஸ்ட்லயே கூடு கட்டிடுது. மழைதான் கணக்கு, மாசம் இல்ல.

நிஜமாவே தூரத்துல இருந்து வர்றது ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், உள்ளான் வகையறா. இதுங்க இங்க ஒரு முட்டை போடாது. பொறந்த இடம் வடக்க, அங்க தண்ணி உறைஞ்சு பூச்சி புழு இல்லாமப் போறப்ப இங்க வருது, சாப்பிடுது, கொழுப்பேத்திக்குது, மார்ச் ஏப்ரல்ல கிளம்பிப் போய் அங்கதான் கூடு கட்டுது. ஆக வேடந்தாங்கல்ல நீங்க கூட்டைப் பாத்தீங்கன்னா அது உள்ளூர்க்காரன். கண்டுபிடிக்க இதைவிட சுலபமான வழி எனக்குத் தெரியல.

வீட்டாண்ட பாக்க முடியுமாவா? எங்க வீட்டு முருங்க மரத்துக்கு அஞ்சு வருஷமா ஒரே பழுப்புக் கீச்சான் வந்துட்டு இருக்கு. சைபீரியா, மங்கோலியா, வட சீனா பக்கம் பொறக்குற பறவை. இதை எழுதுறப்பவும் வெளிய கத்திட்டு இருக்கு.

நவம்பர் 9, ராத்திரி

ஆஸ்திரேலியாவை விட்டுட்டேன். நமக்கு நவம்பர்ல இருந்து பிப்ரவரி குளிர்காலம், அங்க அதே நேரம் வெயில் காலம். நல்லா வெயில் அடிச்சு சாப்பாடு கிடைக்கிற ஊரை விட்டுட்டு ஏன் இங்க வரணும்? உண்மைல ஆஸ்திரேலியாவும் நம்மளை மாதிரியே வடக்குப் பறவைங்க போய் இறங்குற ஊர்தான். 2022ல பட்டைவால் மூக்கன்ங்கற கரைப்பறவையோட குஞ்சு ஒண்ணு, பொறந்து சில மாசம்தான் ஆகியிருக்கும், முதுகுல டிரான்ஸ்மிட்டரோட அலாஸ்கால கிளம்பி டாஸ்மேனியாவுல போய் இறங்குச்சு. 13,560 கிலோமீட்டர், 11 நாள், நடுவுல எங்கயும் இறங்கல. இறங்க முடியாது, அது நீந்துற பறவை இல்ல, கீழ கடல்.

இந்த 'ஆஸ்திரேலியா' எங்க இருந்து நம்ம செய்திக்குள்ள புகுந்துச்சுன்னு தெரியல, நான் ஸ்கூல் படிக்கிறப்பவும் டூர் கூட்டிட்டுப் போன வாத்தியார் இதைத்தான் சொன்னாரு, நானும் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன், அதுவும் கூழைக்கடாவைக் காட்டி. கூழைக்கடா!

நவம்பர் 11

"அஞ்சு வருஷமா ஒரே பறவைன்னு எப்படி சொல்றீங்க, ஆதார் கார்டு பாத்தீங்களா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. சிரிச்சேன். அப்புறம் கொஞ்சம் கடுப்பாவும் இருந்துச்சு, ஏன்னா கேள்வி சரி.

நான் நினைச்சதுக்குக் காரணம் சொல்றேன். அதே மரம், அதே மொட்டைக் கிளை, மேல இருந்து மூணாவது. செப்டம்பர் மூணாவது வாரத்துல ஒரு நாள் காலைல திடீர்னு "க்ரே-க்ரே-க்ரே-க்ரே"ன்னு காஞ்ச ஓலையைத் தகரத்துல இழுத்த மாதிரி ஒரு சத்தம். ரெண்டு மூணு நாள் ஓயாம கத்தும், இது என் எடம்னு எல்லாருக்கும் சொல்லி முடிச்ச பிறகு அமைதியாயிடும். நோட்டுல தேதி இருக்கு: செப்டம்பர் 19, 22, 17, 21, 20. இவ்ளோ ஒழுங்கா வந்தா ஒரே ஆள்னுதானே தோணும்.

கால்ல நம்பர் போட்ட அடையாள வளையம் இல்லாம இதை நிரூபிக்க முடியாதுதான். ஆனா குளிர்காலத்து எடத்துக்கே வருஷா வருஷம் திரும்பி வர்றது பல வலசைப் பறவைகள்ல வளையம் போட்டுப் பாத்து உறுதியான விஷயம், நான் ஒண்ணும் ஆகாயத்துல இருந்து சொல்லல.

நவம்பர் 12

நேத்து எழுதினதைத் திரும்பப் படிச்சேன். "பல வலசைப் பறவைகள்ல உறுதி"ங்கறதுல இருந்து "என் வீட்டுதும் அதே"ங்கறதுக்குத் தாவிட்டேன். நல்ல எடம்னா பழசு செத்துப்போனாலும் புதுசா ஒண்ணு வந்து அதே கிளைல உக்காரும், ஏன்னா அந்தக் கிளைல இருந்துதான் கீழ புல்லு முழுசும் தெரியும். வாடகை வீட்டுல புதுக் குடித்தனம் வந்தாலும் சோபாவை அதே மூலைலதானே போடுறாங்க. சரி, வாபஸ். அஞ்சு வருஷமா 'ஒரு' கீச்சான் வருது. 'ஒரே' கீச்சானான்னு தெரியாது.

நவம்பர் 16

கீச்சானுக்கு, கண்ணாடி மாட்டின மாதிரி கண்ணுக்குக் குறுக்க கருப்புப் பட்டை. முதுகு காஞ்ச சருகு நிறம், வால் கொஞ்சம் செம்பழுப்பு. மூக்கு நுனி கீழ வளைஞ்சு, அந்த வளைவுக்கு ஒட்டி உள்பக்கமா ஒரு சின்னப் பல்லு மாதிரி இருக்கும், அது பைனாகுலர்ல நல்ல வெளிச்சத்துல மட்டும்தான் தெரியும். இன்னிக்கு ஒரு கும்பிடுபூச்சியைப் பிடிச்சுட்டு வந்து கிளைல நாலு தடவ மாத்தி மாத்தி அடிச்சுது, றெக்கை ரெண்டும் கீழ விழுந்துச்சு, மிச்சத்தை ஒரு கால்ல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு பிச்சுத் தின்னுச்சு. மொத்தம் மூணு நிமிஷம் கூட இருக்காது.

அது உக்கார்ற கிளைக்கு நேர் கீழ எங்க தண்ணித் தொட்டி மூடி. மூடி மேல சுண்டுவிரல் நகம் அளவுக்கு கருப்பா ஒண்ணு கிடந்துச்சு. எச்சம்னு நினைச்சு துடைக்கப் போனேன், உருண்டையா காஞ்சு இருந்துச்சு. குச்சியால பிரிச்சா உள்ள முழுக்க வண்டோட மின்னுற ஓடு, வெட்டுக்கிளிக் காலு. செரிக்காததை ஆந்தை மாதிரியே இதுவும் உருட்டிக் கக்கிடும். இப்ப ஒரு தீப்பெட்டில பதினோரு உருண்டை சேத்து வச்சிருக்கேன். வீட்டுல ஒருத்தர் அந்தத் தீப்பெட்டியைத் திறந்து பாத்ததுல இருந்து என்கிட்ட சரியா பேசல.

நவம்பர் 23

ஆறுமணிக்குருவி வீட்டுக்குள்ள வருமான்னு கேட்டவங்களுக்கு. ஆமா அது வீட்டுக்குள்ள வரும். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியாவுல கூடு கட்டுற பறவை, அக்டோபர் நவம்பர்ல ராத்திரி ராத்திரியா தெக்க பறந்து வருது, விடியுறப்ப களைச்சுப்போய் எங்க இருட்டா ஒதுக்குப்புறமா தெரியுதோ அங்க பூந்துடும். பாத்ரூம், சைக்கிள் ஸ்டாண்டு, மாடிப்படி அடி. சில சமயம் ஜன்னல் கண்ணாடில மோதி விழுந்து கிடக்கும்.

அப்படிக் கிடந்தா ஒரு அட்டைப் பெட்டில ஓட்டை போட்டு, உள்ள துணி விரிச்சு வச்சு மூடி, சத்தம் இல்லாத எடத்துல விட்டுடுங்க. வாயைத் திறந்து தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். சோறு, ரொட்டி எதுவும் வேணாம். ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல தெளிஞ்சு பெட்டிக்குள்ள அடிச்சுக்க ஆரம்பிக்கும், அப்ப செடி புதர் இருக்குற எடமா பாத்துத் திறந்து விட்டா போதும். அழகா இருக்குன்னு கூண்டுல போட நினைக்காதீங்க, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம்.

பேரைப் பத்தி ஒரு சந்தேகம் எனக்கு. காலை ஆறு, சாயங்காலம் ஆறு கத்துறதால அந்தப் பேருன்னு சொல்வாங்க. எங்க பின்பக்கம் இருக்குறது தினம் அஞ்சு அம்பதுக்குக் கத்துது. அலாரத்தை அதுக்கு ஏத்த மாதிரி மாத்தி வச்சேன்.

நவம்பர் 24

ஆறுமணிக்குருவி விஷயம், திருத்தம்: விடியுற நேரம் மாற மாற அது கத்துற நேரமும் தள்ளித் தள்ளிப் போகும்போல. இன்னிக்கு அஞ்சு அம்பத்தி மூணு. அதுக்கு கடிகாரம் எதுக்கு, வெளிச்சம்தான்.

டிசம்பர் 2

வேடந்தாங்கல் போயிட்டு வந்தேன். கேள்வி கேட்டவரு பசங்களோட போறப்ப உதவுமேன்னு சொல்றேன்: சாயங்காலம் போங்க, நாலு மணிக்கு மேல. காலைல எல்லாரும் இரை தேடப் பறந்துடும், பொழுது சாயுறப்ப கும்பல் கும்பலாத் திரும்பும், அப்ப பசங்களுக்கு எண்ணச் சொல்லிக் கொடுங்க. மொத்த ஏரியே சுமார் 30 ஹெக்டேர்தான், கரைல நடந்தாலே முடிஞ்சுடும்.

எச்சம் விழுந்து விழுந்து அந்தத் தண்ணி பச்சையா, உரமா ஆயிடும். அந்தத் தண்ணி பாயுற வயலுக்கு வேற உரம் அவ்வளவா வேணாம்னு ஊர்க்காரங்களுக்கு ரொம்ப நாளாவே தெரியும். 1798லயே, வேட்டையாடுற சிப்பாய்ங்க தொல்லை தாங்காம, செங்கல்பட்டு கலெக்டர்கிட்ட இங்க யாரும் சுடக்கூடாதுன்னு எழுத்து வாங்கினவங்க அவங்க. சரணாலயம், உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற ராம்சார் பட்டியல் எல்லாம் அப்புறம் வந்தது.

நத்தைகுத்தி நாரை வாயை மூடினாலும் நடுவுல ஒரு சந்து இருக்கும், பாக்குவெட்டி மாதிரி. பக்கத்துல நின்ன ஒரு அப்பா தன் பையன்கிட்ட "சைபீரியா பறவைடா"ன்னாரு. வாயைத் திறந்தேன், வீட்டம்மா கையைக் கிள்ளினதுல மூடிட்டேன்.

டிசம்பர் 10

ஒரு மாசம் ஆச்சு, முள்வேலி ஓரமா செம்பருத்திக்குள்ள "டெக்... டெக்... டெக்"னு நாக்கைச் சப்புக்கொட்டுற மாதிரி ஒரு சத்தம். ஆள் தெரியாது. பதினஞ்சு நாள் உக்காந்து பாத்தேன். தையல்சிட்டுன்னு முதல்ல எழுதி வச்சிருந்தேன், அது தப்பு. பிளித் நாணல் கதிர்க்குருவி. கடைசில ஒரு நாள் நாலு செகண்டு இலைக்கு வெளிய வந்து நின்னுச்சு: ஆலிவும் மண்ணும் கலந்த நிறம், கண்ணுக்கு மேல மங்கலா ஒரு கோடு, அவ்ளோதான், வேற அடையாளமே கிடையாது. பத்துப் பன்னெண்டு கிராம் எடை. பின்லாந்துல இருந்து மத்திய ஆசியா வரைக்கும் கூடு கட்டுற பறவை, இங்க வந்து செம்பருத்திக்குள்ள ஆறேழு மாசம் நாக்கு சப்புக்கொட்டிட்டு உக்காந்திருக்கு.

அதனால கேள்வி கேட்டவருக்கு: வெளிநாட்டுப் பறவை பாக்கணும்னா பெட்ரோல் போட்டு எங்கயும் போக வேணாம். பொதுவா நம்ம ஆளுங்க வெளிநாட்டுப் பறவைன்னா பெருசா, வெள்ளையா, கூட்டமா இருக்கும்னு நினைக்கிறாங்க. வீட்டு வேலிக்குள்ள வர்ற அசல் வெளிநாட்டுக்காரன் சின்னதா, மங்கலா, தனியா இருக்கான், அதனால யாரும் திரும்பிப் பாக்கறதில்ல.

டிசம்பர் 13

மெர்லின் ஆப் போட்டா அதுவே சத்தத்தைக் கேட்டுச் சொல்லிடுமேன்னு ரெண்டு பேர். போடுங்க, தப்பில்ல, நானும் போடுறேன். ஆனா அது சொல்றதை அப்படியே லிஸ்ட்ல ஏத்தாதீங்க. போன வாரம் "வல்லூறு"ன்னு காட்டுச்சு. எனக்கும் வல்லூறு சத்தம் மாதிரியேதான் கேட்டுச்சு. மாடிக்கு ஓடிப் போய்ப் பாத்தா கரண்ட் கம்பில ஒரு கரிச்சான், இரட்டைவால் குருவிதான், வாயைத் திறந்து வல்லூறு மாதிரி கத்துது. கீழ புல்லுல மேஞ்ச மைனாங்க எல்லாம் சிதறி ஓடுச்சு, இது நிதானமா இறங்கி ஒரு மைனா விட்டுட்டுப் போன புழுவை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. பட்டப்பகல்ல.

ஆப்பும் ஏமாந்துச்சு, நானும் ஏமாந்தேன், மைனாவும் ஏமாந்துச்சு. மைனாவுக்கு மட்டும்தான் நஷ்டம்.

டிசம்பர் 14

வாலாட்டி எது வெளியூர் எது உள்ளூர்னு கேட்டவருக்கு சுருக்கமா. முதுகு கருப்பு, புருவம் வெள்ளை, பெருசு, வருஷம் முழுக்க இருக்கும்: வெண்புருவ வாலாட்டி, உள்ளூர். சாம்பல் முதுகு, அடிவால் மஞ்சள், ஓடுற தண்ணி ஓரமா தனியா: சாம்பல் வாலாட்டி, வெளியூர். எல்லா வாலாட்டியும் வாலை மேலயும் கீழயும் ஆட்டும். ஒண்ணே ஒண்ணு, கொடிக்கால் வாலாட்டி, உடம்போட சேத்து பக்கவாட்டுல ஆட்டும், மர நிழல்ல சருகு மேல நடக்கும். வெத்தலைக் கொடிக்கால் நிழல்ல இதைப் பாத்து அந்தப் பேரை வச்ச ஆளுக்கு ஒரு கும்பிடு.

டிசம்பர் 28

கோடியக்கரை. இதை எழுதவே கூச்சமா இருக்கு.

பூநாரை பாக்கணும்னு ரெண்டு குடும்பமா கிளம்பினோம். விடிகாலை அஞ்சு மணிக்குக் கிளம்பணும்னு நான்தான் எல்லாரையும் விரட்டினேன், கிளம்புறப்ப பைனாகுலரைக் காணோம்னு வீட்டை ஒரு மணி நேரம் புரட்டினதும் நான்தான், அது என் கழுத்துலயே ஸ்வெட்டருக்குள்ள தொங்கிட்டு இருந்துச்சு. போய்ச் சேர்றப்ப பத்தரை. உப்பளத்து ஓரத்துல சேத்துப் பரப்பு மேல கானல் எழும்பிடுச்சு. தூரத்துல இளஞ்சிவப்பா ஒரு கோடு நெளியுது, பூநாரையா இருக்கலாம், துணி காயப் போட்டிருக்காங்கன்னு சொன்னாலும் மறுக்க முடியாது. கடற்கரை, உப்பளம், சதுப்பு எங்க போனாலும் விடிஞ்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாத்துடணும், இல்லன்னா சாயங்காலம், நடுவுல கண்ணாடி எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும் காத்து நெளியுறதை அது நிமித்தாது.

ஆனா திரும்புறப்ப ரோட்டு ஓரத்துல அரை அடித் தண்ணி நின்ன ஒரு பள்ளத்துல வண்டியை நிறுத்தினோம். கொசு உள்ளான் ஒரு நாப்பது, தையல் மெஷின் ஊசி மாதிரி சேத்தைக் குத்திக்கிட்டே ஓடுதுங்க, சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். ஆர்க்டிக் கரைல பொறந்ததுங்க. இன்னொரு பக்கம் பச்சைக்காலி ரெண்டு, பவளக்காலி ஒரு கூட்டம். கூட வந்தவங்க யாருக்கும் இது பிடிக்கல, "சின்ன சின்னதா இருக்கே"ன்னாங்க. எனக்கு மட்டும் அங்க நின்ன ரெண்டு மணி நேரத்துல கோடியக்கரை போன கணக்கு தீந்துச்சு.

டிசம்பர் 29

பூநாரை 'வெளிநாட்டுப் பறவை'யான்னு கேட்டிருக்காங்க. நம்ம பக்கம் வர்றதுல நிறைய குஜராத் கட்ச் ரண்ல பொறந்ததுன்னுதான் சொல்றாங்க. பாஸ்போர்ட் தேவையில்ல.

கோடியக்கரைல இன்னொரு பெரிய வேலை பல வருஷமா நடக்குது, வளையம் போடுறது. பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்காரங்க வலை கட்டிப் பிடிச்சு, அளந்து, எடை போட்டு, காலுல நம்பர் போட்ட வளையம் மாட்டி விடுவாங்க. பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி இந்த எடத்தோட அருமையை அறுபதுகள்லயே சொன்னாரு, 1967ல சரணாலயம் ஆச்சு. எங்க வீட்டுக் கீச்சானுக்கும் யாராவது ஒரு வளையம் மாட்டி விட்டிருந்தா நவம்பர் 11ந்தேதி எனக்கு இவ்ளோ அவமானம் வந்திருக்காது.

ஜனவரி 5

கீச்சான் விஷயத்துல ஒரு வழி கிடைச்ச மாதிரி தெரியுது. வால்ல இடது ஓரத்துல ஒரு இறகு இல்ல! போட்டோ எடுத்து வச்சிட்டேன். அடுத்த செப்டம்பர்ல இதே இடைவெளியோட ஒண்ணு வந்தா இதே ஆள்தான்.

ஜனவரி 5, அரை மணி நேரம் கழிச்சு

இல்ல. இறகு உதிர்ந்து புதுசா முளைக்கும்ல. அடுத்த செப்டம்பர்குள்ள அந்த இடைவெளி மூடிடும். மேல எழுதினதை அழிக்கல, கிடக்கட்டும். ஒண்ணு மட்டும் செய்யலாம், இறகு முளைக்குற வரைக்கும் இந்த சீசன்ல தினம் வர்றது ஒரே ஆளான்னு பாக்கலாம்.

ஜனவரி 17

பொங்கல் நாலு நாளும் பறவைக் கணக்கெடுப்பு பண்ணினேன். 2015ல இருந்து நடக்குது, குறைஞ்சது கால் மணி நேரம் ஒரே எடத்துல பாத்து, பாத்ததை எல்லாம் எண்ணிக்கையோட இபேர்ட்ங்கற பறவைக் கணக்கு வெப்சைட்ல ஏத்தணும், அவ்ளோதான். காக்கா, மைனாவையும் எண்ணணும், அதை விட்டுட்டு அபூர்வப் பறவையை மட்டும் போடுறவங்க நிறைய பேர் இருக்காங்க. பத்து வருஷம் கழிச்சு காக்கா குறைஞ்சுதான்னு கேட்டா பதில் சொல்ல அந்த லிஸ்ட்தான் வேணும்.

நான் மாடில உக்காந்தே நாலு நாளும் போட்டேன். முதல் நாள் 19 வகை. ரெண்டாம் நாள் 23. மூணாம் நாள் பனி மூட்டம், லென்ஸுல ஆவி கட்டி ஒண்ணும் தெரியல, காதால கேட்டது மட்டும் 9. நாலாம் நாள் 21. இதுல ஏழு வெளியூர்: கீச்சான், கதிர்க்குருவில ரெண்டு, ஆறுமணிக்குருவி, தகைவிலான், நீலவால் பஞ்சுருட்டான், சாம்பல் கரிச்சான். ஏழு! மாடில ஒரு பிளாஸ்டிக் சேர், ஒரு டம்ளர் டீ.

பனிக்கு ஒரு குறிப்பு, ஏசி ரூம்ல இருந்து பைனாகுலரை நேரா வெளிய கொண்டு வராதீங்க, முன்னாடியே வராண்டால வச்சுடுங்க. புதுசா வாங்குறவங்க 8×42 (எட்டு மடங்கு பெருசா காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.) வாங்குங்க, 10 மடங்குக்குப் போனா எட்டத்துல இருக்கிறது கிட்ட வரும், கூடவே உங்க கை நடுக்கமும் கிட்ட வரும்.

ஜனவரி 18

நேத்து நீலவால் பஞ்சுருட்டான்னு போட்டதை பச்சைப் பஞ்சுருட்டான்னு மாத்திட்டேன். போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தா வால்ல நீலமே இல்ல, வானத்து நீலம் என் மூளைல ஒட்டிக்கிச்சு. அப்ப ஏழு இல்ல, ஆறு. டீ மட்டும் உண்மை.

ஜனவரி 30

தண்ணிச் சட்டி வைக்கிறவங்க கவனத்துக்கு: ஆழம் ரெண்டு விரல் கடைக்கு மேல வேணாம், நடுவுல ஒரு கல்லு வைங்க, தினம் தண்ணியைக் கொட்டிட்டு மாத்துங்க. பூனை ஒளிய முடியாத எடமா இருக்கணும். நான் முதல் வருஷம் அழகா இருக்கட்டும்னு செடிக்கு நடுவுல வச்சு ஒரு சின்னான் குருவியைப் பூனைக்குக் கொடுத்துட்டேன், அது இன்னும் உறுத்துது.

பிப்ரவரி 11

சாயங்காலம் சூறைக்குருவி. முதல்ல புகை மாதிரிதான் இருந்துச்சு, ஏரிக்கு அந்தப் பக்கம் யாரோ வைக்கோலைக் கொளுத்திட்டாங்கன்னு நினைச்சேன், அப்புறம் அந்தப் புகை திரும்புச்சு. சுருங்கி கருப்பாகுது, விரிஞ்சு காணாமப் போகுது, தலைக்கு மேல வந்தப்ப மழை வர்ற மாதிரி இரைச்சல். இருட்டுற வரைக்கும் இருபது நிமிஷம். போன்ல எடுத்த வீடியோல ஒண்ணும் இல்ல, கொசு பறக்குற மாதிரி இருக்கு, அதனால போடல. மத்திய ஆசியப் புல்வெளில வெட்டுக்கிளி தின்னு வளர்ற கூட்டம், இங்க வயலு, ஆலம்பழம், அத்திப்பழம்.

சைக்கிள்ல போன ஒரு பெரியவர் காலை ஊனி நின்னு என்கூடவே பாத்தாரு. "சோளக்கொல்லைல இதை விரட்டத்தான் நாங்க சின்ன வயசுல பரண் கட்டி உக்காந்திருப்போம் தம்பி"ன்னுட்டு மிதிச்சுப் போயிட்டாரு.

பிப்ரவரி 26

கீச்சானோட அந்த வால் இறகு முளைச்சுடுச்சு. ஜனவரி 5ல இருந்து இது வரைக்கும் 52 நாள்ல 47 நாள் பாத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் அதே இடது ஓரத்து இடைவெளி, கொஞ்சம் கொஞ்சமா நீளுற இறகு. ஆக இந்த சீசன்ல இந்த மரம் ஒரே ஆளோடதுதான்னு சொல்றதுக்கு இப்ப தைரியம் இருக்கு. ஆதார் கார்டு கேட்டவரே, தற்காலிக அடையாள அட்டை கிடைச்சுதுன்னு வச்சுக்கங்க, காலாவதி ஆயிடுச்சு.

மார்ச் 19

கீச்சான் திரும்பக் கத்த ஆரம்பிச்சிருக்கு. வந்தப்ப கத்தின மாதிரி இல்ல, உள்ளுக்குள்ள முணுமுணுக்குற மாதிரி, நடுவுல மத்த பறவைங்க சத்தத்தை எல்லாம் கோத்து. தையல்சிட்டு ஒரு துண்டு, தேன்சிட்டு ஒரு துண்டு. ஆறு மாசமா எங்க தோட்டத்துல கேட்டதை எடுத்துட்டுப் போய் மங்கோலியாவுல பாடுமோ என்னமோ. இது என் கற்பனை, யாரும் எடுத்துப் போட்டுடாதீங்க.

செம்பருத்திக்குள்ள டெக்-டெக் இன்னும் இருக்கு. ஆறுமணிக்குருவி சத்தம் பத்து நாளா இல்ல.

ஏப்ரல் 14

கீச்சான் கடைசியா பாத்தது ஏப்ரல் 9. வந்த தேதியை அன்னிக்கே எழுதிடலாம். போன தேதியை அப்படி எழுத முடியாது, அன்னிக்குப் பாக்குறப்ப அதுதான் கடைசின்னு தெரியாதே, நாலஞ்சு நாள் காலிக் கிளையைப் பாத்த பிறகுதான் பின்னாடி போய் ரவுண்டு போடணும். போட்டாச்சு. செப்டம்பர் 20ல இருந்து ஏப்ரல் 9, 202 நாள் இருந்திருக்கு. வருஷத்துல பாதிக்கு மேல இங்க இருக்கிறதைத்தான் நாம வெளிநாட்டுப் பறவைங்கறோம்.

ஏப்ரல் 16

காலைல தண்ணித் தொட்டி மூடியைத் துடைக்கப் போனா புதுசா ஒரு உருண்டை, இன்னும் ஈரமா. நிமிந்து பாத்தேன், மேல இருந்து மூணாவது கிளை. ரவுண்டை அடிச்சுட்டேன், 209 ஆச்சு.